ஹோஃப்மன் துரையின் வம்சம்

"அப்பா, ஹோஃப்மன் துரையின்ரை சொந்தக்காரரைக் கண்டுபிடிச்சிட்டன்!"

ஸ்டுட்கார்ட்டிலிருந்து மகள் அஜந்தா தொலைபேசியில் கூவியபோது, தவரத்தினம் தன் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றார். கடுகு வெடித்தது. செத்தல் மிளகாய் கருகியது. மனிதர் அசையவில்லை.

"எந்த ஹோஃப்மன்?" என்றார்.

"என்னப்பா கேள்வி இது? உங்கடை பூட்டன்! அவற்றை தமையன்ரை வம்சம் இஞ்சைதான் இருக்கு. வெர்னர் ஹோஃப்மன் எண்டு பேர். பெஞ்சாதி, மகன் எல்லாரோடையும் ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்கு வருகினம், உங்களைப் பாக்க. நானும் வாறன். ரயிலுக்கு ரிக்கற் எடுத்தாச்சு. சந்தோசமோ?"

"சந்தோசம்" என்றார் தவரத்தினம். அந்தச் சொல்லை அவ்வளவு துக்கத்தோடு, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இதற்குமுன் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், அப்படியொரு ஹோஃப்மன் துரை அவர் பரம்பரையில் பிறக்கவேயில்லை.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல்முனையில் கடை போட்ட புதிதில், சாப்பிட வந்த ஒருவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்து, "உமக்கென்ன ஐசே, பூனைக்கண்?" என்று கேட்டுவிட்டார். அதுவரை யாரும் தவரத்தினத்தை இரண்டாம் தடவை பார்த்ததில்லை. அந்த மகிழ்ச்சியில் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "என்ரை பூட்டன் ஒரு ஜேர்மன்காரன்." பெயர் என்ன என்று கேட்டார்கள். கடைக்கு முன்னால் சாமான் இறக்கிக்கொண்டு நின்ற லொறியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஹோஃப்மன் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான், பூட்டனுக்குப் பெயர் சூட்டியாயிற்று.

கதை அவிப்பதும் சோறு அவிப்பது மாதிரித்தான். ஒருமுறை உலை வைத்துவிட்டால் இடையில் நிறுத்த முடியாது. ஹோஃப்மன் துரை பருத்தித்துறை வெளிச்சவீட்டைத் திருத்த வந்தார். கிணற்றடியில் ஒரு பெண்ணைக் கண்டார். கண்டவர் கப்பலேறாமலே நின்றுவிட்டார். வருடா வருடம் துரை ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே போனார். தெருவே அவரை 'ஜேர்மன் தவம்' என்று கூப்பிட்டது. பகிடி பண்ணியவர்களும் உண்டு. பண்ணட்டுமே, ஊர் வாய்க்கு மூடியா போடமுடியும்?

ஆனால் அஜந்தா நம்பினாள். அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் எடுக்க, இவள் "அப்பாவின்ரை பூட்டன்ரை பாஷை" என்று ஜெர்மன் எடுத்தாள். அதையே மேலே படித்து, அங்கேயே போய் வேலையும் எடுத்துவிட்டாள். இருப்பது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் வாழ்க்கைக்கே ஒரு லொறிதான் அத்திவாரம் என்று தெரிந்தால், பிறகு அப்பன் என்று முகம் கொடுத்துக் கதைப்பாளா?

மத்தியானம் திரும்ப அவளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சரிவராது போலை. கடையிலை குழாய் வெடிச்சு ஒரே வெள்ளம். பூட்டிப்போட்டம்."

"ஐயோ, அதுக்கென்னப்பா? கார்ஜிலை எங்கடை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன். ஆறுதலா ரெண்டு நாள் நிண்டு கதைக்கட்டும்."

"குழாய் சரி வந்திட்டுது பிள்ளை" என்றார் தவரத்தினம். "கடைக்கே கூட்டிக்கொண்டு வா."

அடுத்ததாக அவருக்கு ஞாபகம் வந்தது வரதராசா அண்ணை. வரதராசா இளைப்பாறிய மனிதர். காலையில் ஒரு தேநீரோடு கடையில் குந்தினால் மாலையில்தான் எழும்புவார். இந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன முறை என்பதை எச்சில் விழுங்காமல் சொல்லக்கூடியவர். பேச்சை எந்தப் பக்கமும் திருப்பவும் வல்லவர்.

"அண்ணை, ஜேர்மனியிலை இருந்து ஆக்கள் வருகினம். அவையள் பழைய கதை கனக்கக் கிண்டாமல் நீங்கள் பக்கத்திலை இருந்து கதையை மாத்திவிடவேணும்."

"ஆர், ஹோஃப்மன் துரையின்ரை ஆக்களோ?" வரதராசா தேநீரைக் கீழே வைத்தார். "மெய்யே தவம்? நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. எல்லாம் நான் பாக்கிறன்."

அவர் பார்த்த பார்வையில், சனிக்கிழமைக்குள் பக்கத்துத் தெருவான ரூ பிலிப்-து-ஜிரார் முழுக்க விஷயம் பரவிவிட்டது. சலூன்காரர் வந்து கையைப் பிடித்தார். "தவமண்ணை, இவ்வளவு நாளும் நாங்கள் இதைப் புளுகு எண்டல்லோ நினைச்சம். குறை நினைக்காதையுங்கோ." நகைக்கடைக்காரர் கண் கலங்கினார். இருபது வருடம் நக்கலடித்தவர்கள் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்கக் கேட்க, தவரத்தினம் குறுகிக் குறுகி, கடைசியில் வெங்காய மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி புனிதவதி பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு வந்தாள்.

"ஏனப்பா உமக்குப் பட்டு?"

"வாறது சொந்தக்காரர் அல்லோ?" என்றுவிட்டு அவள் வடைச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

புனிதவதியின் தங்கை கோசலையும் வந்திருந்தாள். பாரிசுக்கு வருமுன் எட்டு வருடம் ஜெர்மனியில் இருந்தவள். இன்றைக்கு மொழிபெயர்ப்பு அவள்தான். கொடுப்புக்குள் ஒரு சிரிப்போடு, "பயப்பிடாதையுங்கோ அத்தான், ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லுவன்" என்றாள். அதுதான் தவரத்தினத்துக்குப் பயமே.

வந்தார்கள். வெர்னர் வாசலை நிறைத்துக்கொண்டு நின்றார். அந்த வெய்யிலிலும் கழுத்துப்பட்டி கட்டி, முகம் சிவந்து வேர்த்து ஊற்றியது. மனைவி மரி-லூயிஸ் கையில் பூங்கொத்து. பின்னால் மகன் யோனாஸ், தென்னைமரம் மாதிரி உயரம், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தன் சப்பாத்தையே பார்த்தபடி நின்றான். கடைசியாக அஜந்தா. கடைக்குள் அதற்குள்ளேயே தெருவில் பாதி வந்து உட்கார்ந்திருந்தது.

வெர்னர் தவரத்தினத்தைக் கட்டிப்பிடித்தார். பிறகு தள்ளி நின்று முகத்தைப் பார்த்து ஏதோ கத்தினார்.

"அதே கண்ணாம்" என்றாள் கோசலை.

கடை கைதட்டியது.

சாப்பாடு வைத்தார்கள். தவரத்தினம் மனதுக்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தான் பொய் என்று சொல்லவேண்டாம். 'இது எங்கள் ஹோஃப்மன் இல்லை' என்று வந்தவர்களே சொல்லட்டும். அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் துரைக்கும் சேதமில்லை, தனக்கும் சேதமில்லை. எனவே ஒருபோதும் பொருந்த முடியாத அடையாளங்களை எடுத்துவிட ஆரம்பித்தார்.

"கோசலை, சொல்லும். எங்கடை துரைக்கு ஒரு கால் கட்டை."

கோசலை சொன்னாள். வெர்னர் மேசையில் அடித்தார்.

"அது குடும்ப வருத்தமாம் அத்தான். இவற்றை பெரியப்பாவும் நொண்டித்தான் நடந்தவராம்."

தவரத்தினம் எடுத்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தார். தண்ணீர் குடித்தார். பலமான ஒன்றாக எடுக்கவேண்டும்.

"துரை சுத்த சைவம். மாடு, பண்டி ஒண்டும் தொடமாட்டார். முட்டைகூட இல்லை."

கோசலை சொன்னாள். வெர்னர் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கைவைத்து, நடுங்கும் குரலில் நீளமாக ஏதோ சொன்னார்.

"அதுக்குத்தானாம் அவரை வீட்டைவிட்டுத் துரத்தினவை."

"ஐயோ பாவம்!" என்றது கடை. நகைக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார்.

தவரத்தினத்துக்கு இப்போது உண்மையாகவே தலை சுற்றியது. தான் சொன்னது பொய்தானா? ஒருவேளை அப்படி ஒரு துரை இருந்துதான் தொலைத்தாரா? மனிதர் தன்னைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

மரி-லூயிஸ் மெதுவாக ஏதோ கேட்டாள். ஹோஃப்மன் துரையின் படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறாளாம்.

"படமெல்லாம் இடம்பெயர்விலை போச்சு" என்றார் தவரத்தினம்.

சொன்ன பிறகுதான் அவருக்குச் சுட்டது. போனது உண்மைதான். அப்பாவின் ஒரேயொரு படம் போனது. அம்மாவின் கலியாணப் படம் போனது. கடைக்குள் இருந்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று போயிருந்தது. மரி-லூயிஸ் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லாத ஒருவனுக்காக, இருந்தவர்களின் இழப்பை எடுத்துச் செலவழித்துவிட்டோமே என்று தவரத்தினத்துக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

எப்படியாவது இதை முடிக்கவேண்டும். கடைசி அம்பாக, "துரை எங்கடை அப்பா வழியில்லை. அம்மா வழி" என்றார். எல்லாப் பெயரும் மாறிப்போகும், வெர்னர் குழம்பிப்போவார் என்று கணக்கு.

குழம்பவில்லை. தாங்கள் ஆண்வழி என்றார் வெர்னர். இதுவரை வடையில் கவனமாக இருந்த வரதராசா இப்போதுதான் நிமிர்ந்தார்.

"பொறு பொறு! அப்ப உன்ரை அம்மாவும் இவற்றை அப்பாவும் அண்ணன் தங்கச்சி முறை. இவர் உனக்கு மாமாவின்ரை மகன். எடேய் தவம், இவர் உனக்கு மச்சானடா!"

"இல்லை அண்ணை, இவர் எனக்குத் தமையன் முறை" என்று பதறினார் தவரத்தினம்.

"அதெப்பிடி? அப்பா வழியெண்டால் தமையன். நீதானே இப்ப அம்மா வழியெண்டனீ?" வரதராசாவின் கண் யோனாசில் போய் நின்றது. முகம் மலர்ந்தது. "அப்பிடியெண்டால் இந்தப் பெடியன் உனக்கு மருமகன். அஜந்தாவுக்கு முறை மச்சான்! சொந்தத்துக்குள்ளைதான் பிள்ளையைக் குடுப்பன் எண்டு எத்தினை மாப்பிள்ளையைத் தட்டிக்கழிச்சனீ? இந்தா, சொந்தம் ரயிலேறி வந்திருக்கு!"

கடை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. சலூன்காரர் விசிலடித்தார். யோனாஸ் காதுவரை சிவந்தான்.

"பகிடியை விடுங்கோ அண்ணை" என்றார் தவரத்தினம். "பிள்ளை என்ன நினைக்கும்?"

அஜந்தா இலையைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பாவுக்கு விருப்பமெண்டால் எனக்குச் சரி."

தவரத்தினம் மகளையே பார்த்தார். நியாயம் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, வாழ்க்கையில் முதல்தடவையாக அப்பா சொல் கேட்கிறாள். எதற்கு? ஒரு லொறியில் பார்த்த பெயருக்காக! முன்பின் தெரியாத ஒருவனுக்கு, அப்பன் அவித்த முறையை நம்பிக் கழுத்தை நீட்டுகிறாள். இதற்கு மேலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் நான் மனிசனா?

எழும்பினார். எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"நிப்பாட்டுங்கோ! முறையுமில்லை, கிறையுமில்லை. ஹோஃப்மன் எண்டு ஒரு துரையே இல்லை. எல்லாம் நான் அவிச்சது. அந்தப் பேர் லொறியிலை கிடந்த பேர்."

வரதராசாவின் கையிலிருந்த வடை அப்படியே நின்றது.

"பிள்ளை" என்று மகளின் பக்கம் திரும்பினார். "சின்னனிலை இருந்து உன்னை ஏமாத்திப்போட்டனம்மா. என்ரை பூட்டன் வெளிச்சவீடு ஒண்டும் திருத்தேல்லை. சுருட்டுச் சுத்தின மனிசன். நல்ல மனிசன். எனக்குத்தான் அது போதாமல் போச்சு. இந்தக் கதையை நம்பி நீ ஜெர்மன் படிச்சது போதும், கலியாணமும் கட்டவேண்டாம். கோவிக்கிறதெண்டால் கோவி. கதைக்காமல் மட்டும் விட்டிடாதை."

அஜந்தா கண்ணைத் துடைத்தாள். புனிதவதியும் பட்டுத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். ஜெர்மன்காரர் மூவரும் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள்.

"கோசலை, அவையளுக்கும் சொல்லும்" என்றார் தவரத்தினம். "ஒளிக்காமல் சொல்லும். வீணா இவ்வளவு தூரம் வந்த சனம். எங்களுக்கும் அவைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையெண்டு சொல்லும்!"

கோசலை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வெர்னரின் கோப்பையில் பாயாசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அது அவைக்கும் தெரியும், பிள்ளைக்கும் எப்பவோ தெரியும் அத்தான். சம்பந்தம் இல்லாதபடியால்தானே சம்பந்தம் பேச வந்திருக்கினம்!"