பெயர் சொல்லாத பாட்டு

"இது அந்த ரயில் பாட்டுதானே?"

பியானோ ஓரமாக வந்து நின்றவர் கழுத்தில் செருகிய நாப்கினைக்கூட எடுக்கவில்லை. கையில் சூப் ஸ்பூன் இருந்தது. டீச்சர் வாசிப்பதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இல்லைங்க."

"அப்ப மழைப் பாட்டு."

"அதுவும் இல்லைங்க."

அவர் குனிந்து குரலைத் தணித்தார். "ஆமாம்னு சொல்லிடுங்களேன். குடும்பத்தோட வந்திருக்கேன்."

குடும்பத்தோடு வந்தவருக்காக ஒரு பாட்டு எப்படி இன்னொரு பாட்டாக மாறும் என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. இது நெடுஞ்சாலைப் பாட்டு என்று சொல்லிவிடலாமா என வாயைத் திறந்தாள். பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் கனைத்தார். மூடிக்கொண்டாள். நாப்கின்காரர் தோள் தொங்கத் தன் மேசைக்குத் திரும்பினார். அங்கே அவர் மனைவியும் பிள்ளைகளும் அவர் முகத்தைப் பார்த்ததுமே எதையோ புரிந்துகொண்டு சூப்பை நோக்கிக் குனிந்தார்கள்.

பாட்டின் பெயரைச் சொல்வதில்லை என்பது அந்த மூவர் குழுவின் கொள்கை. அப்பாக்கள் காலத்து ராக் பாட்டுகளைத்தான் அவர்கள் வாசித்தார்கள். கிடார் அலற, பாடகர் முடியை உதற, மைதானம் முழுக்கக் கூடவே கத்திய பாட்டுகள். அவற்றின் கத்தலை வடிகட்டி, வேகத்தை இழுத்துப் பிடித்து, அடியில் ஒலிக்கும் சுரங்களை மாற்றி, ஜாஸாக வாசிப்பார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் பாட்டைக் கேட்பவரே கண்டுபிடிக்க வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டு வாசிப்பது, விடையை எழுதிப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்பது மாதிரி என்பார் பல் டாக்டர். அவர் நிஜமாகவே பல் டாக்டர். ஞாயிறு மதியம் மட்டும் டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். டிரம்ஸ் வாசிப்பவன் டீச்சரின் தம்பி. டீச்சர் மற்ற நாட்களில் பள்ளியில் அறிவியல் எடுப்பவள்.

கொள்கை நன்றாகத்தான் இருந்தது. கண்டுபிடிக்கத்தான் ஆளில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் இவர்கள் பாதிக் கச்சேரியை முடித்த பிறகு பெண்ணின் மாமா வந்து, வாத்தியமெல்லாம் சரிபார்த்தாகிவிட்டதென்றால் ஆரம்பிக்கலாமே என்றார். ஒரு காப்பிக் கடைக்காரர் வாராவாரம் பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு நாள் இவர்களுக்குப் பதிலாகச் சுவரில் ஸ்பீக்கரை மாட்டிவிட்டார். மிச்சம் இருந்தது இந்த உணவகம் ஒன்றுதான்.

இதுவும் போனால் குழு கலைந்துவிடும். டீச்சருக்கு அதில் சந்தேகமே இல்லை. பல் டாக்டர் வீட்டில், பேஸ் நிற்கும் மூலைக்கு சோபா ஒன்றை அவர் மனைவி ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். தம்பியை மினுமினுப்புக் கோட்டு போட்ட கல்யாண பேண்ட் ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் போய்விட்டால் அதற்குப் பேர் குழு இல்லை.

"நம்ம பாட்டு யாருக்கும் புரியல. அதான் பிரச்சினை," என்றாள் அன்று வாசித்து முடித்ததும். சமையலறைக்குள் நின்றபடி மூவரும் தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வருவது, போவது, சாப்பிடுவது எல்லாம் அவர்களுக்குச் சமையலறை வழியாகத்தான். "காப்பிக் கடைக்காரர் மாதிரி இந்த முதலாளியும் ஸ்பீக்கர் வாங்குறதுக்குள்ள சரி பண்ணணும்."

"முதலாளி ஒண்ணும் சொல்லலையே, அக்கா."

"சொல்லாம இருக்கறதுதான்டா பயமா இருக்கு."

சோதனைச்சாலையில் மாணவர்களுக்குச் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, என்ன நடக்கிறது என்று பார்.

முதலில் வேகத்தை மாற்றினாள். ஒவ்வொரு சுரமும் காதில் நின்று நிதானமாக இறங்கினால் யாருக்குத்தான் புரியாது? அடுத்த ஞாயிறு புயல் பாட்டை எடுத்து, மாடு அசைபோடுவதுபோல அவ்வளவு மெதுவாக வாசித்தார்கள். கூடத்தில் பேச்சு அடங்கியது. ஜன்னலோர மேசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அவர் குடும்பம் எழுந்தது. அவர்களைப் பார்த்துப் பக்கத்து மேசை. கொஞ்ச நேரத்தில் கூடமே விறைப்பாக நின்றது. வறுத்த மீனை ஏந்திவந்த சர்வரும் வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்ததும் நாப்கின்காரர் வந்தார். இந்த முறை மரியாதையாக நாப்கினை எடுத்திருந்தார்.

"எந்த நாட்டுத் தேசிய கீதம்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

டீச்சருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அன்று முதலாளியே சமையலறைக்கு வந்தார். குட்டையாக, எப்போதும் அவசரமாக இருக்கும் மனிதர். கைகளைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "டீச்சர், போன வாரம் வாசிச்சீங்களே, அது பிரமாதம். அது ஒண்ணு போதும். நீங்க எதையும் மாத்தவே வேண்டாம்."

பிரமாதம் என்ற சொல்லைக் கேட்டதும் டீச்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவர் போன பிறகு சொன்னாள்: "பாத்தீங்களா? காப்பிக் கடைக்காரரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்."

அடுத்து தாளம். பியானோவும் பேஸும் எப்போதும் போலவே இருக்கட்டும், தம்பி மட்டும் பழைய ராக் அடியை அப்படியே அடிக்கட்டும் என்று முடிவானது. தம்பிக்கு இதைவிடச் சந்தோஷம் இல்லை. கல்யாண பேண்டுக்கும் பயிற்சி ஆயிற்று. அவன் அடித்த அடியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று தேடி நகர்ந்தன. நடு மேசையில் இருந்தவர் இது ரயில் பாட்டு என்றார். பின் மேசைக்காரர் மழைப் பாட்டு என்று அடித்துச் சொன்னார். வாக்குவாதம் முற்றி, இருவரும் எழுந்து, ஒருவர் பாட்டை மற்றவர் காதுக்குள் பாடிக் காட்டினார்கள். நடு மேசைக்காரரின் மாமியார் சமாதானம் செய்யப் போய், மூன்றாவதாக ஒரு பாட்டின் பெயரைச் சொன்னார். கடைசியில் எல்லாரும் டீச்சரிடம் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள். மூன்றுமே இல்லை என்று சொல்ல வேண்டிவந்தது. மாமியார் மட்டும், நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, அவசரப்படாதே என்றார்.

இத்தனைக்கும் கூட்டம் குறையவில்லை. அதுதான் டீச்சரை இன்னும் குழப்பியது. வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போய், இப்போது வாசலில் வரிசை நின்றது. வந்தவர்களுக்கு இசையில் ஆசை இருப்பதாகவும் தெரியவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார்கள். கண்ணை இறுக்கி மூடி, நெற்றியைச் சுருக்கி, பொட்டில் விரலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலர் பல்லைக் கடித்தார்கள். குழந்தைகள் வாயைத் திறந்தால் உடனே அதட்டல்.

"என் கிளினிக் வெளியே இப்படித்தான் உக்காந்திருப்பாங்க," என்றார் பல் டாக்டர் கவலையோடு.

"வேடிக்கை பாக்க வர்றாங்க. கார் மோதி நின்னாக் கூட்டம் கூடுமே, அப்படி. வேடிக்கை தீர்ந்ததும் நம்மளை அனுப்பிடுவாங்க," என்றாள் டீச்சர்.

அன்று முதலாளி மூவருக்கும் தன் கையாலேயே ஐஸ்கிரீம் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். "புதுசா எதுவும் பண்ற உத்தேசம் இல்லையே, டீச்சர்?" என்று கேட்டார். குரலில் கெஞ்சல் தெரிந்தது. டீச்சருக்கு அது கடைசி எச்சரிக்கையாகப் பட்டது.

அந்த நிமிடத்தில் அவள் தீர்மானித்தாள்.

"அடுத்த வாரம் பேரைச் சொல்லிட்டு வாசிக்கப் போறேன்."

பல் டாக்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கொள்கை என்னாவது என்று கேட்டார். குழுவே இல்லாமல் போனபின் கொள்கையை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருங்கள் என்றாள் டீச்சர். அவர் கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். தம்பிக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"நீயா மைக்கில பேசப் போற? போன் அடிச்சாலே என்கிட்ட குடுப்பியே."

"பேசுவேன்."

அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டதும் சோதனைச்சாலைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பழகினாள். எதிரே வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள். முதலில் குரல் வரவில்லை. பிறகு வந்தது, ஆனால் அது அவள் குரலாக இல்லை. குடுவைகள் பொறுமையாகக் கேட்டன. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தது.

ஞாயிறு. கூடம் நிரம்பி, சுவரோரமும் நாற்காலி போட்டிருந்தார்கள். டீச்சர் எழுந்து மைக்கைப் பிடித்தாள். கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"வணக்கம். இப்ப நாங்க வாசிக்கப் போறது நெடுஞ்சாலைப் பாட்டு."

கூடத்தில் எல்லாரும் நம்பாததுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாப்கின்காரர் பாதி எழுந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க. நெடுஞ்சாலைப் பாட்டு."

அடுத்த கணம் கூடம் வெடித்தது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். மேசைக்கு மேசை சர்வர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டு, நெடுஞ்சாலைப் பாட்டு, நெடுஞ்சாலைப் பாட்டு என்று சொன்னார்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவைத்தார்கள். டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பாட்டின் பெயரைச் சொல்வதில் மனிதர்களுக்கு இத்தனை ஆனந்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கல்லாவிலிருந்து முதலாளி எம்பி எம்பி இரண்டு கைகளையும் வீசினார். அவளும் பதிலுக்குக் கை வீசினாள்.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. புயல் பாட்டு என்றாள். கைதட்டல். ரயில் பாட்டு என்றாள். நடு மேசைக்காரரும் பின் மேசைக்காரரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அரைமணிக்குள் புதிதாக ஒரு வரிசை உள்ளே வந்து உட்கார்ந்தது. தாமதமாக வந்தவர்களுக்காக அவள் முன்பு சொன்ன பெயர்களையும் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். ஒரு நெற்றியிலும் சுருக்கம் இல்லை. எல்லாரும் சிரித்துப் பேசி, தட்டுத் தட்டாக வரவழைத்துச் சாப்பிட்டார்கள். அந்தச் சத்தத்தில் பியானோ அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் அவள் வாசித்தாள். வாழ்க்கையிலேயே மிக நன்றாக வாசித்தாள்.

போகும்போது நாப்கின்காரர் வந்து அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் பிள்ளைகள் நடக்க முடியாமல் நடந்து வந்தார்கள்.

"என் குடும்பம் உங்களை மறக்காதும்மா," என்றார். கண் கலங்கியிருந்தது.

சமையலறையில் பாத்திரங்கள் எல்லாம் காலியாகிவிட்டிருந்தன. சமையல்காரர் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். இவர்களுக்குச் சாப்பாடு மிஞ்சவில்லை. பசியும் தெரியவில்லை. தம்பி அக்காவைத் தோளில் தட்டினான். பல் டாக்டர், கொள்கையைத் தளர்த்தியது நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டு, சோபா வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். கதவிடுக்கில், முதலாளி கல்லாமேல் தலையைச் சாய்த்திருப்பது தெரிந்தது.

"பாவம், களைச்சுப் போயிட்டார்," என்றாள் டீச்சர்.

எச்சில் தட்டுகளைக் கழுத்துவரை அடுக்கிக்கொண்டு சர்வர் உள்ளே வந்தார். டீச்சருக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா, இன்னிக்கு ஒரு மேசை விடாம எல்லாருக்கும் பாட்டு தெரிஞ்சிருச்சு. இனிமே முதலாளி எங்களை அனுப்ப மாட்டார்தானே?"

சர்வர் தட்டுகளை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க வாசிக்கறது என்ன பாட்டுன்னு சொல்றவங்களுக்குச் சாப்பாடு இலவசம்னு அவர் வாசல்ல எழுதிப் போட்டதே, நீங்க வாசிச்சா ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாதுங்கற தைரியத்துலதானே, டீச்சர்."