பன்னிரண்டு ஜாடிகளுக்குக் கல்யாணம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, நைனா. இல்லாதவர் என் மேலதிகாரி மேடம், ஏதோ கூட்டத்துக்காகப் பெங்களூர் போயிருந்தார். அறைச் சாவி என்னிடம் இருந்தது. புத்தி யாரிடம் இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு செடி ஆராய்ச்சிக் கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான். அதனால் நைனா எங்கள் ஊர் ஆரம்பாக்கம் முழுக்க என்னை 'ஆபீசர்' என்று பரப்பிவிட்டிருந்தார். (நான் ஜாடி கழுவிக்கொண்டிருந்த ஆபீசர்.)

சாத்துக்குடி, எலுமிச்சை மரங்களை இன்னொரு செடியின் வேர்மேல் ஒட்டித்தான் வளர்ப்பார்கள். அந்த அடிச்செடி வேரழுகலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். காட்டு எலுமிச்சைக்கு அந்தத் தெம்பு உண்டு. ஆனால் அதுவும் சாத்துக்குடியும் மகரந்தம் மாற்றிக் கலக்கவே கலக்காது. எனவே மேடம் இரண்டிலிருந்தும் செல்களை எடுத்து, சுவரைக் கரைத்து, இரண்டு செல்லை ஒன்றாக ஒட்டவைத்து, அதைச் சர்க்கரை போட்ட கூழில் செடியாக வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷப் பாட்டில் பிழைத்தது பன்னிரண்டு ஜாடி. திங்கட்கிழமை அவர் வந்து பார்த்து, எல்லாம் நலமென்றால் என் வேலை நிரந்தரம். ஜாடிகளுக்கு நான் பொறுப்பு.

அதற்குமுன் வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை வந்தது. அன்று தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனிக்குள்ளும் குடும்பத்தோடு போகலாம். லேத்துக்கு வாழைக்கன்று, லாரிக்கு எலுமிச்சம்பழம். எங்கள் கம்பெனியில் வேனுக்கு மட்டும் டிரைவர் பூஜை போட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மாவும் நைனாவும் ஒரு பை நிறைய பூஜைச் சாமானோடு ரயிலேறி வந்திறங்கினார்கள்.

நைனா சுற்றும்முற்றும் பார்த்தார். "மிஷினு எங்கடா?"

மிஷின் இல்லை, ஜாடிதான் என்று சொல்லி, வெளியாள் நுழையக் கூடாத அறையை நானே திறந்துவிட்டேன். (செருப்பை மட்டும் கழற்றச் சொன்னேன். சுத்தத்தில் நான் அவ்வளவு கறார்.) செல்லும் செல்லும் சேர்ந்த கதையை விளக்கினேன். அம்மா என் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டது அன்றுதான் முதல்முறை.

"ரெண்டு ஜாதியையும் சேத்து ஒரே ஊட்ல வச்சிட்டீங்க. தாலி கீலி எதுனா கட்னீங்களா?"

படிக்காத அம்மாவுக்குப் புரிந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெருமிதத்தில்தான், அவர் நூலில் மஞ்சளைக் குழைத்துத் தடவி ஜாடிக் கழுத்தில் கட்ட ஆரம்பித்தபோது, நான் தடுக்காமல் ஜாடியைப் பிடித்துக்கொண்டேன். மூடி இடுக்கில் காற்றும் கிருமியும் புகாமல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கும். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்து மேல கட்னா எப்பிட்றா செல்லும்? கழுத்துல படவேணாமா?"

நியாயம்தானே? நாடாவை நானே உரித்துக் கொடுத்தேன். பதினொரு ஜாடி ஆனதும் நூல் தீர்ந்தது. பன்னிரண்டாவதை அப்படியே மூலையில் வைத்தோம். வெல்லப்பாகு கலந்த பொரியை அலமாரித் தட்டிலேயே படையலாக வைத்து, கற்பூரம் காட்டி, அறையைப் பூட்டிக்கொண்டு மூவரும் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

திங்கட்கிழமை மேடம் எனக்கு முன்பே வந்து, தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் அறையைத் திறந்துவிட்டார். பொரியிலிருந்து ஜாடிகளுக்கு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. பதினொரு ஜாடிக்குள்ளும் வெள்ளை, பச்சை, கறுப்பு என்று பூஞ்சை பஞ்சுமெத்தை விரித்திருந்தது.

"ஏழுமலை, இதை யார் கட்டினது?"

"அம்மா, மேடம்."

"எதுக்கு?"

"இதுங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு, மேடம்."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மூலையில் இருந்த ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாடா பிரியாமல், உள்ளே மூன்று இலையோடு அது பச்சைப்பசேலென்று நின்றது.

"இதுக்கு மட்டும் ஏன் கட்டலை?"

"கயிறு பத்தலை, மேடம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நானும் அழத் தயாரானேன், பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் என் நிரந்தரத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்தார். அந்த ஒரு வருஷமும் முதல் செல்லிலிருந்து எல்லாவற்றையும் அவரோடு நின்று மறுபடி செய்தேன். தப்பிய செடி பிற்பாடு நிழல்வலைக் கூடத்தில் இடுப்புயரம் வளர்ந்தது. அதற்கு ஒரு நம்பர் உண்டு. கம்பெனியில் எல்லோரும் கூப்பிட்டது 'கன்னி' என்று.

என் கல்யாணத்தில் நான் தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, "டேய், கயிறு பத்துமா பாத்துக்க" என்றார் நைனா. முன்வரிசையில் சத்தமாகச் சிரித்தது மேடம். இப்போது சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் முகூர்த்தம் முடிவதில்லை.

அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை பதினொன்றும் செத்தது, ஒன்றுக்கு மட்டும் கட்டாமல் விட்ட சாமி குற்றத்தால்தான். கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று மேடம் கடைசிவரை சொல்லவில்லை. எங்களுக்கு ஆனது அம்மாவுக்கு மனப்பாடம்: பொரி, வெல்லம், கற்பூரம், மஞ்சள், ஒரு நூல்கண்டு, எல்லாம் சேர்த்து நாற்பத்து மூன்று ரூபாய். இன்னொரு நூல்கண்டு வாங்கியிருந்தால் பன்னிரண்டும் பிழைத்திருக்கும் என்று இன்றும் சொல்வார். ஒரு கண்டு அப்போது இரண்டு ரூபாய்.