மச்சினனுக்கு ஒரு பூட்டு

"யாருக்கு சார் பூட்டு?" என்றார் குமாஸ்தா.

"என் மச்சினனுக்கு," என்றார் தலைமையாசிரியர், வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்து ஒரு மாதம். ஆடிப் பிடிபட்டால் தண்டனை. தானாக இந்த அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கொடுத்தால் மன்னிப்பு. செல்போனில் எல்லா ஆட்டங்களுக்கும் பூட்டு. ஆனால் பெயரை அலுவலக வாசல் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டினால்தான் புத்தி வரும் என்று பொதுக்கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கேட்டு வாங்கியவர் சாட்சாத் நம் தலைமையாசிரியர். அவர்தான் முந்தாநாள் பள்ளிக் கழிப்பறையில் உட்கார்ந்து, போனில் சீட்டாடியபடியே இரண்டு பாடவேளைகளைக் கோட்டை விட்டவர்.

படிவத்தில் மச்சினன் பெயரை எழுதினார். பாவம், பட்டன் போன் வைத்திருக்கும் சைக்கிள் கடைக்காரன். எண் கட்டத்தில் மட்டும் தன் எண்ணை எழுதினார். பூட்ட வேண்டியது அதைத்தானே.

குமாஸ்தா படிவத்தைப் பக்கத்து மேசையில் இருந்த பதிவேட்டு அம்மாளிடம் தள்ளினார். "ஆடறவரே கையெழுத்துப் போடணும் சார். கூட்டிட்டு வரலையா?"

"அவனா? சொன்னாக் கேக்கற ஜென்மமா அது? அதோட... கை உடைஞ்சு கட்டுப் போட்டிருக்கான்."

"கை உடைஞ்சவர் எப்படி சார் ஆடறாரு?"

"இன்னொரு கையால."

"அப்ப அந்தக் கையாலயே கையெழுத்துப் போடட்டுமே."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமையாசிரியருக்குக் காது மடல் சுட்டது.

"காய்ச்சல் வேற. படுத்த படுக்கை."

"அடடா! அப்படிப்பட்டவங்களுக்குத்தான் நாங்களே வீட்டுக்கு வர்றோமே. சாயங்காலம் வரட்டுமா? வீட்டுல உங்க சம்சாரம் இருப்பாங்கல்ல?"

"ஐயையோ, வேண்டாம்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தம்பின்னா உயிரு. இப்படிக் குடும்ப மானத்தை வாங்கறான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

பதிவேட்டு அம்மாள் ஒரு வரியில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார்.

"யாரும் வர வேண்டாம் சார். உங்க மச்சினன் நேத்தே வந்து, 'நான்தான் ஆடறேன், என் பேரையே ஒட்டுங்க'ன்னு இதே நம்பருக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நம்பர்தான் அவருக்குத் தெரியல, பக்கத்துல நின்ன அவரோட அக்கா சொல்லச் சொல்ல எழுதினாரு."