மூச்சு மேடமும் பன்னீர்ச் சொம்பும்

திருநெல்வேலிச் சீமையிலேயே, மூச்சு விட்ட குற்றத்துக்காக மனுசனை ஏசிய ஒரே பிறவி எங்கள் மூச்சு மேடம்தான்.

ஆற்றங்கரையோரம் ஒரு கல்லூரி. அதன் ஆய்வுக்கூடத்தில் அவர் விஞ்ஞானி, நான் அட்டெண்டர். என்னோடு எட்டாம் வகுப்பு படித்தவர்கள் எல்லாம் பேரன் எடுத்துவிட்டார்கள். நான் இன்னும் எட்டாம் வகுப்பிலேயே நிற்கிறேன். மேடத்துக்கு ஊர் உவரி. மீன் ஏலம் விடுகிற குரல். கடலோரம் வளர்ந்தவருக்குத் தண்ணீர்தான் பரம எதிரி.

முதல் நாள் டீ கொண்டுபோனேன்.

"ஏ அண்ணாச்சி, ஆவி பறக்க எங்க வாரீய? வெளிய போம் வே."

டீயை வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

"இப்ப மூச்சு விடுதீயளே. அங்கன திரும்பி விடுங்க."

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு வரும் மாணவிகளை, வத்தல் மாதிரி வெயிலில் காயப் போட்டுத்தான் உள்ளே விடுவார்.

புதிதாக உண்டாக்கிய ஏதோ படிகப் பொடியை மாத்திரையாக அழுத்தி, கூடத்தின் நடுவில் இருந்த பெரிய இயந்திரத்துக்குள் வைப்பார்கள். "அதுக்குள்ள அப்படி என்னதான் மேடம் பாக்கீய?" என்று கேட்டேன்.

"நெல்லையப்பர் தேரு மொத்தமா ஆடி அசைஞ்சு வருதுல்லா? அதே மாதிரி இதுக்குள்ள இருக்க அணுவெல்லாம் சேந்து ஆடும். பொருளுக்குப் பொருள் ஆட்டம் வேற. அதப் பாக்கத்தான் இந்த டெராஹெர்ட்ஸ் அலை. ஈரக் காத்து ஊடால வந்தா, தேர மறச்சுக்கிட்டுக் குடிகாரன் ஆடுத மாதிரி அதோட ஆட்டந்தான் தெரியும். வெளங்குதா?"

"குடிகாரன் வெளங்குதான் மேடம்."

இந்த ஈர ஊரில் அந்த இயந்திரம் எதற்கு, சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்று மேலிடத்தில் ஒரு பேச்சு. சென்னையில் கடலே இருக்கிறதே என்று எவனும் கேட்கவில்லை. பார்வையிட ஒரு குழு வந்தது. அவர்கள் பார்க்கும்போது திரையில் கோடு சுத்தமாக விழுந்தால் இயந்திரம் இங்கேயே இருக்கும். மேடம் சோறு தண்ணி மறந்து, உலர்ந்த வாயுவை உள்ளே விட்டு விட்டு இயந்திரத்தைக் கருவாடாகக் காய வைத்திருந்தார்.

குழுவை அழைத்துவர அவர் வாசலுக்குப் போன நேரம், எங்கள் முதல்வர் பூசைத் தட்டோடு வந்து சேர்ந்தார்.

"சார், மேடம் ஏசுவாவ."

"ஒனக்கு என்னல தெரியும்? தட்டப் பிடி."

பிடித்தேன். மனுசன் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, பன்னீர்ச் சொம்பால் உள்ளேயே தெளித்தார். அதன் பக்கத்திலேயே தேங்காயையும் உடைத்தார். தேங்காய்த் தண்ணீர் நாலாப் பக்கமும் தெறித்தது.

மேடம் வந்து திரையைப் பார்த்தார். கோடு, பல் உடைந்த சீப்பாகக் கிடந்தது.

"எவம்ல இதுக்குள்ள தண்ணி ஊத்துனது?"

"மங்களகரமா இருக்கட்டும்னுதான் மேடம்" என்றார் முதல்வர்.

"தேர் சக்கரத்தக் கழத்தி வச்சுட்டு மங்களமாக்கும்? எல்லாரும் வெளிய போங்க. காயணும்."

குழுவையும் சேர்த்து நடைவாசலுக்குத் துரத்திக் கதவைச் சாத்தினார். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டவுண்ல அல்வா வாங்கணும். பிந்துனா ரயிலு போயிரும்" என்று கிளம்பிவிட்டார். ஓர் இயந்திரத்தின் தலையெழுத்து, அரைக்கிலோ அல்வாவுக்கு அவசரப்பட்ட ஆள் கையில். நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

சாயங்காலம் கோடு சுத்தமாக விழுந்தது. பார்க்க நானும் மேடமும்தான் இருந்தோம்.

இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோக ஐப்பசி மழையில் லாரி வந்தது. பெட்டியை ஏற்றும்போது மேடம் தன் குடையை அதன்மேல் பிடித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி, "பைய, பைய, ஆட்டாதீயல" என்று கத்திக்கொண்டே நடந்தார். அந்த மாதமே அவரும் ஊரை விட்டுப் போய்விட்டார்.

இப்போது அந்த அறையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. முதல்வர் ஈரத் துணி போட்டுத் துடைக்கச் சொல்கிறார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு, வெறும் விளக்குமாற்றால் கூட்டிவிட்டு வருகிறேன், மூச்சை அந்தப் பக்கம் திருப்பி விட்டுக்கொண்டு.