இரண்டு நாற்காலி

இரண்டில் ஒன்றைக்கூட விடுவதில்லை என்று தலைவர் தீர்மானித்தது முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது. நகரசபைத் தலைவர் பதவி பதினோரு வருடமாக அவருடையது. போன மாதம் சட்டசபைக்கும் ஜெயித்துவிட்டார். இரண்டையும் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. வீட்டில் இருந்தது.

"சட்டசபைக்குப் போனா நகரசபை எனக்குன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"சொன்னேன்தான். யோசிச்சுப் பாரு. அங்கே நிதி கொடுன்னு கேக்கிறவனும் நான். இங்கே வாங்கிக்கிறவனும் நான். இழுபறியே இல்ல."

"அதை ஒழுங்கா செலவழிச்சியான்னு கேக்கிறவரு?"

"அதுவும் நான்தான்."

"பதில் சொல்றவரு?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

"ஒண்ணுதானே இருக்கு."

அதற்குமேல் அவள் பேசவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தான் ஜெயித்த முதல் வாக்குவாதம் என்று தலைவருக்குச் சந்தோஷம்.

நகரசபை உண்மையில் நடந்தது அவர் வீட்டு முன்னறையில். குழாயில் சாக்கடை வருகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று வந்து நிற்பவர்களுக்கெல்லாம் அவள்தான் பதில். எந்தத் தெரு எங்கே போய் முட்டும் என்பதே தலைவருக்கு மறந்துபோயிருந்தது. மாதம் ஒருமுறை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வெற்று லெட்டர்பேடில் நூறு தாளுக்கு அடியில் கையெழுத்துப் போட்டுத் தருவார். மேலே வேண்டியதை அவள் எழுதிக்கொள்வாள். டிவியைப் பார்த்துக்கொண்டே போடுவார். ஒரு தாளையும் படித்ததில்லை. படிக்க அதில் ஒன்றும் இருக்காது.

வெள்ளிக்கிழமை நகரசபை மேலாளர் போன் செய்தார்.

"ஐயா, உங்க ராஜினாமாவைக் கூட்டத்தில வாசிச்சோம். ஏத்துக்கிட்டாங்க. ஒருத்தருக்கு ஒரு பதவி போதும்னு எழுதியிருந்தீங்களே, அந்த இடத்தில ரெண்டு பேரு அழுதுட்டாங்க."

தலைவர் போனைக் கையால் பொத்தினார். "என்னடி பண்ணி வெச்சிருக்க? நான் எழுதலைன்னு சொல்லப்போறேன்!"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லுங்க. அப்ப இத்தனை வருஷமா போன லெட்டரெல்லாம் யாரு எழுதினதுன்னு கேப்பாங்க. அதையும் சொல்லிடுங்க."

தலைவர் கையை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாய்யா. மனசு விட்டு எழுதினேன்."

"அடுத்து உங்க வீட்டு அம்மாவை நிறுத்தணும்னு கட்சிக்கும் எழுதியிருக்கீங்களே, அதோட நகலும் வந்துச்சு. யாருக்குங்க வரும் அந்த மனசு!"

ஆறு வாரத்தில் அவள் ஜெயித்தாள். நாற்காலி வீட்டை விட்டு எங்கே போய்விடும் என்று தலைவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். அவள் பெயர் அச்சடித்த புது லெட்டர்பேட் முன்னறை மேஜைக்கு வந்தது. அவள் வெளியே போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு அதைப் புரட்டினார். முதல் தாள், நடுவில் சில, கடைசித் தாள். பிறகு ஒன்றுவிடாமல் நூறையும்.

ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லை.