சிற்றுயிர்களுக்கான பொது அமைதி முகாம்

வாணவேடிக்கை நாளில் முயல், வெள்ளெலி, கிளி முதலிய சிற்றுயிர்கள் பயப்படக் கூடாது என்று எங்கள் நகராட்சி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. சிற்றுயிர்களுக்குத் தகவல் சொல்லியாயிற்றா என்று யாரும் கேட்கவில்லை.

தீர்மானத்தை நிறைவேற்ற ஓர் அமைதி அதிகாரியை நியமித்தார்கள். அவர் நேரே தையற்கார அம்மாவின் கடைக்குப் போனார். அந்த அம்மா வளர்த்த வெள்ளை முயல் போன வருஷ வெடிச் சத்தத்தில் சில நாள் தீனியையே தொடவில்லை. இன்னொரு தடவை அப்படிப் பயந்தால் உயிர் தங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். பாவம், அந்த அம்மாவுக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை.

“வீட்டுலயே வச்சுக்கறேன் சார். ஜன்னலைச் சாத்திட்டு, கூண்டு மேல கம்பளியைப் போட்டு, உள்ள கொஞ்சம் வைக்கோல் வச்சா அது பாட்டுக்கு ஒளிஞ்சுக்கும்.”

“அது தனிப்பட்ட அமைதிம்மா. வீட்டுக்குள்ள அது அமைதியா இருந்தா நகராட்சிக்கு எப்படித் தெரியும்?”

“முயலுக்குத் தெரிஞ்சாப் போதாதா?”

“மேலிடத்துக்கு முயலாம்மா பதில் சொல்லும்?”

ஆகவே ஊரிலுள்ள சிற்றுயிர்கள் அனைத்தும் நகராட்சி மண்டபத்தில் கூட்டப்பட்டன. தலைவரின் பூனை சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் அமர்ந்து வெள்ளெலிகளை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வாணவேடிக்கை தொடங்கியது. கதவும் கனத்த திரைகளும் சத்தத்தை உள்ளே விடவில்லை. அதிகாரியின் முகம் தொங்கிவிட்டது.

“சத்தமே கேக்கலையே! சத்தம் இல்லாதப்ப யார்தான் அமைதியா இருக்க மாட்டாங்க? இதுல நம்ம துறையோட பங்கு என்ன?”

மண்டபத்துக்குள்ளேயே ஒரு சரவெடி கொளுத்தும்படி காவலாளிக்கு உத்தரவிட்டார்.

“ஐயோ சார், முயலோட உயிர் போயிடும்!”

“போனா பூரண அமைதிதானேம்மா?”

தையற்கார அம்மா கூண்டை மேசைக்கடியில் இழுத்து, கம்பளியைப் போர்த்தி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெடித்தது. முதலில் அலறியவர் அதிகாரிதான். தவழ்ந்து வந்து அதே கம்பளிக்குள் புகுந்தார். உள்ளே முயல் வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

“ஒண்ணுமில்லடா கண்ணு, முடிஞ்சுடுச்சு” என்று அந்த அம்மா பழக்கதோஷத்தில் அதிகாரியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கம்பளியின் பயனை நேரில் அனுபவித்த அதிகாரி பரிந்துரை செய்தார்: சிற்றுயிர் வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரு கம்பளி உறை, இலவசமாக. தைக்கும் பொறுப்பும் நகராட்சி தரும் கூலியும் தையற்கார அம்மாவுக்கு. இலவசம் என்றதும் ஊரில் எல்லோருக்கும் முயல் பாசம் பொங்கியது. முயல் கிடைக்காதவர்கள் எலிப்பொறியில் விழுந்ததைக் காட்டிச் செல்லப்பிராணி என்றார்கள்.

உறைச் செலவுக் கணக்கைப் பார்த்து நகராட்சித் தலைவர் தலையைச் சொறிந்தார். “பட்டாசாலதானே இவ்வளவும்? அடுத்த வருஷத்துலேருந்து பட்டாசே வேண்டாம். உறையும் வேண்டாம்.”

அவர் பதவிக்காலத்தில் பேசிய ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அது. ஊரே பொறுக்காமல் நகராட்சி வாசலில் மறியலுக்கு உட்கார்ந்துவிட்டது.

“வேண்டும், வேண்டும், பட்டாசு வேண்டும்!”

முன்வரிசையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர் தையற்கார அம்மா. அவர் மடியில் அந்த வெள்ளை முயல், எங்கள் கோஷச் சத்தம் தாங்காமல் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.