கரடியின் கேரவனுக்குப் பஸ் மூளை வைத்த கதை

ஒரு காட்டில், வாங்கிய விலையை எந்த மிருகமும் பக்கத்து மிருகத்திடம் உண்மையாகச் சொல்லாத ஒரு காட்டில், வெள்ளத்தாய் என்றொரு கரடி இருந்தது. நிறம் என்னவோ அட்டக்கரிதான். பெயரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அறைந்துவிட்டுத்தான் பேசும் என்பதால், காட்டில் எல்லோருக்கும் அந்தப் பெயர் மிகப் பொருத்தமாகவே பட்டது.

வெள்ளத்தாய்க்குப் பரம்பரைக் குகை கிடையாது. ஆத்தா துரத்திவிட்ட நாள் முதல் மழையில் நனைந்து, தேனீயிடம் கொட்டு வாங்கி, தேனை விற்று மேலே வந்த ஜென்மம். ஷூட்டிங்குக்கு வந்த சினிமாக் கம்பெனி ஒரு பழைய கேரவனை இழுத்துப் போகச் சோம்பல்பட்டு விட்டுப் போனபோது, காவலுக்கு இருந்த நரியிடம் கத்திக் கத்தியே அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டது. (காட்டெருமைகள் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது.) உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஒரு குட்டி பாத்ரூம். தேன் கிடைக்கிற பக்கம் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்து முதல்முறையாக வெள்ளத்தாய் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியது.

அது யார் கண்ணை உறுத்தியதோ. ஒரு மழையில் கூரை ஒழுகி, தண்ணீர் எங்கே இறங்கக்கூடாதோ அங்கே இறங்கி, வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. மெக்கானிக் முள்ளம்பன்றி சவரிமுத்து வந்து, தன் முள் ஒன்றை வயருக்குள் விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறதாம், டீசலும் இருக்கிறதாம், எப்போது எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்கிற ஈசிஎம் பெட்டி மட்டும் செத்துவிட்டதாம். எஞ்சினுக்கு மூளை அதுதானாம். மூளை இல்லாமல் இந்தக் காட்டில் எத்தனையோ பேர் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறார்கள், இந்த வண்டிக்கு மட்டும் என்ன கேடு என்று வெள்ளத்தாய் கேட்டது. நியாயமான கேள்வி. சவரிமுத்து முள்ளைத் துடைத்து முதுகில் செருகிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் சட்டம் உள்ளே வந்தது. ஒரு மழையிலிருந்து அடுத்த மழை வரை நகராத வண்டி, வண்டியில்லை, பாறை. பாறை என்றால் அரசாங்கச் சொத்து. அதைக் குகை கேட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஒதுக்கிவிடலாம். ரேஞ்சர் யானை பெரியநாயகம் நேரில் வந்து, வருகிற வெள்ளிக்கிழமை வண்டி தன் சொந்த எஞ்சினில் செக்போஸ்ட் வரை ஓடிக் காட்டாவிட்டால் பாறை என்று எழுதிவிடுவேன் என்று சொல்லி, வந்த செலவுக்கு வெள்ளத்தாயின் வாழைத்தாரையும் முடித்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஒரு மலைப்பாம்பு தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கட்டிலின் நீளத்தைத் தன் நீளத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தது.

வெள்ளத்தாய் முதலில் முறையாகத்தான் போனது, அதையும் சொல்ல வேண்டும். ஷோரூமில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, தோகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மயிலிடம் கேட்டது. அந்த மாடலே நின்றுபோய்விட்டது என்றது மயில். இருந்தாலும் புதுப்பெட்டி வரவழைக்கலாம். ஆனால் பழைய பெட்டியில் இருக்கிற பாஸ்வேர்டைப் புதுப்பெட்டியில் ஏற்றினால்தான் வண்டி அதை மதிக்கும். பழைய பெட்டி செத்துவிட்டதால் ஏற்ற முடியாது. செத்துவிட்டது என்பதைப் பழைய பெட்டியே உறுதி செய்ய வேண்டும். இப்படித்தான் ஒரு கழுகு புதுப்பெட்டி வாங்கிவிட்டுப் பாஸ்வேர்டுக்குக் காத்திருந்த காலத்தில் அதன் வேன் பாறையாகிவிட்டது. இப்போது வேனில் உடும்புக் குடும்பம் இருக்கிறது. கழுகிடம் பெட்டி பத்திரமாக இருக்கிறது.

வெள்ளத்தாய் மயிலின் தோகையில் ஓர் இறகைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அலைந்த கூலி.

அடுத்து காயலான் கடை. கடைக்காரக் கழுதைப்புலி காசிலிங்கத்திடம், காட்டு ரோட்டில் பல வருஷம் ஓடிக் கவிழ்ந்த ரூட் பஸ் ஒன்றின் ஈசிஎம் இருந்தது. எஞ்சின் ஒன்றேதான், மேலே போர்த்திய தகரம்தான் வேறு என்று சவரிமுத்துவும் தலையாட்டியது. பேரம் தொடங்கியது. காசிலிங்கம் சொன்ன விலையைக் கேட்டு வெள்ளத்தாய் சிரித்தது. வெள்ளத்தாய் கேட்ட விலையைக் கேட்டு, பிறவியிலேயே சிரிக்கத் தெரிந்த கழுதைப்புலி அழுதது. வெள்ளத்தாய் எழுந்து, கூப்பிட்டால் காது கேட்கிற வேகத்தில் நடந்தது. காசிலிங்கம் கூப்பிட்டது. மறுபடி நடந்தது, மறுபடி கூப்பிட்டது. கடைசியில் விலை ஒரு தேனடைக்கு வந்து நின்றது.

"பஸ்ஸோட பழக்கமெல்லாம் உள்ள பதிஞ்சு கெடக்கும் தாயி. அதை அழிச்சுத் தரணும்னா இன்னொரு அடை ஆகும்" என்றது காசிலிங்கம்.

"ஏன் அண்ணாச்சி, வீட்டை விக்கிறவன் ஜன்னலைக் கழட்டிக்கிட்டா போவான்? உள்ள இருக்கறதையும் சேர்த்துத்தான் வாங்குறேன். அழிச்சீங்கன்னா சரக்கு குறையுது, நீங்கதான் விலையைக் குறைக்கணும்."

அழித்துவிடலாம் அக்கா என்று சவரிமுத்து காதோடு முனகியது. வெள்ளத்தாய் திரும்பிப் பார்த்த பார்வையில் அதன் முள்ளெல்லாம் படுத்துக்கொண்டது. அழிக்காத பெட்டி, ஒரே அடை, கொசுறாக ஒரு ஹாரன். வழியெல்லாம் வெள்ளத்தாய் அந்த ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது.

பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சிங்கம் மாதிரி உறுமியது. சிங்கமே ஒதுங்கி வழிவிட்டது. மலைப்பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ரேஞ்சர் கூடவே நடந்து வர, வண்டி புறப்பட்டது. நாவல் மர வளைவு வரை நன்றாகத்தான் போனது. அங்கே தானாக ஓரம் கட்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் அசையவில்லை. வெள்ளத்தாய் ஸ்டியரிங்கை அடித்தது, டேஷ்போர்டைக் கடித்தது, காசிலிங்கத்தின் ஏழு தலைமுறையை இழுத்தது. ரேஞ்சர் தும்பிக்கையால் பேனாவை எடுத்தார். "பா" என்று எழுதியும் விட்டார்.

அந்த நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மந்தி படிக்கட்டில் தொற்றி ஏறியது. வண்டி கிளம்பிவிட்டது.

வெள்ளத்தாய்க்குப் புரிந்துவிட்டது. அது பஸ் நிற்கிற இடம். யாராவது ஏறினால்தான் அந்த மூளைக்கு மனசு வரும். ஓடைக்கரையில் வண்டி மறுபடி நின்றது. ஒரு மான் குட்டிகளோடு நின்றிருந்தது. பாறை என்கிற வார்த்தை இன்னும் ஒரே எழுத்தில் முடிந்துவிடும். வெள்ளத்தாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வாழ்நாளில் யாரிடமும் பேசாத குரலில் பேசியது.

"வாங்க, வாங்க, ஏறுங்க. உள்ள கட்டில் இருக்கு, காத்தாட உக்காரலாம். டிக்கெட் கெடையாது தாயி, ஏறு."

அடுத்தடுத்த ஸ்டாப்பிலும் இதே குரல். செக்போஸ்ட் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் மான் குடும்பம், அடுப்பு மேல் காட்டுக்கோழிகள், பாத்ரூமுக்குள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஒரு முள்ளெலி, கூரை முழுக்க மந்திகள். வெள்ளத்தாய் குதித்து இறங்கி, ஓடிக் காட்டிவிட்டேன் ஐயா, வீடு என்னுடையதுதானே என்று கேட்டது.

"உன்னுதுதாம்மா, யாரு இல்லைன்னா?" என்றார் ரேஞ்சர். எழுதியதை அடித்துவிட்டார். "ஆனா ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்குது, ஆள் ஏத்துது, நீயே வாயால கூவியும் கூப்பிடுற. இதுக்குப் பேரு என்னம்மா? இந்தக் காட்டுக்கு ஒரு பஸ் வேணும்னு நாங்களும் எவ்வளவு காலமா மனு எழுதிக்கிட்டிருக்கோம்."

வெள்ளத்தாய் உள்ளே திரும்பி எல்லோரையும் இறங்கச் சொன்னது. கூப்பிட்டு ஏற்றிவிட்டு நடு ரோட்டில் இறக்குவதா, இதென்ன மரியாதை என்று மான் கேட்டது. மிச்சப்பேர் ஆமாம் போட்டார்கள். கூரையிலிருந்த மந்தி டபுள் விசில் கொடுத்தது.

அன்றைக்கே ரூட் போட்டாயிற்று. டிரைவராக ரேஞ்சரின் மச்சானுக்கு மச்சான் முறையாக வேண்டிய காட்டுப்பன்றியை நியமித்தார்கள். வீடு இன்றுவரை வெள்ளத்தாயின் பெயரில்தான் இருக்கிறது, அதில் யாரும் கை வைக்கவில்லை. தினமும் சாயங்காலம் தேன் எடுத்துவிட்டு வந்து, வெள்ளத்தாய் கூட்டத்தோடு ஸ்டாப்பில் நிற்கும். வண்டி வளைவில் திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் தன் கட்டில் மேல் துண்டை வீசும். சில நாள் அங்கே ஏற்கெனவே ஒரு துண்டு கிடக்கும்.

"இது என் வீடு" என்று வெள்ளத்தாய் கத்தும்.

"வீடா இருந்தா என்னக்கா, முதல்ல துண்டு போட்டது யாரு?" என்று காட்டுப்பூனை கேட்கும். நியாயம் பூனை பக்கம்தான் என்று மொத்த வண்டியும் சொல்லும்.

நீதி: பேரம் பேசத் தெரிந்தவருக்கு வீடு பறிபோகாது, உட்கார இடம்தான் கிடைக்காது. துண்டைக் கையிலேயே வைத்திருக்கவும்.